மேனேஜர் பேசிய மொழி

"நிறுத்துங்க!" என்று தமிழில் கத்தப் போன மேனேஜர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுக்கி வைத்திருந்த மெத்தைகளில் ஒட்டிய லேபிள்களைப் பார்த்து அவருக்கு வியர்த்துவிட்டது. லேபிளில் தூங்க வேண்டிய குழந்தை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லா மெத்தையிலும்! ஒரு மணி நேரத்தில் லாரி வந்துவிடும். கூடவே முதலாளியும் வருகிறார்.

மொழிபெயர்ப்பாளருக்கோ பல்வலி, லீவு.

"அந்த ஊர்க்காரங்ககிட்ட அவங்க பாஷையிலேயே பேசி வேலை வாங்கணும். மூணு மாசம் டைம். முடியலைன்னா திரும்பி வந்துடுங்க" என்று சொல்லித்தான் முதலாளி அவரை மனைவியோடு இந்த நாட்டுக்கு அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து மேனேஜர் செல்போனில் பாடம் கேட்டு, குளியலறைக் கண்ணாடியோடு பேசிப் பழகி வந்தார். இன்றுதான் அரங்கேற்றம்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, லேபிளைப் பிரித்துத் திருப்பி ஒட்டும்படி அவர்கள் மொழியில் முழங்கினார்.

தொழிலாளர்கள் திருதிருவென்று விழித்தார்கள். சூப்பர்வைசர் அம்மாள் ஏதோ முணுமுணுத்தாள். உடனே எல்லோரும் பாய்ந்து ஒவ்வொரு மெத்தையிலும் இன்னொரு லேபிளை ஒட்டினார்கள். அதுவும் தலைகீழாக.

மேனேஜர் இன்னும் உரக்கச் சொன்னார். மெத்தைகளையே புரட்டிப் போட்டார்கள்.

வேறு வழியில்லை, நடித்துக் காட்டிவிடலாம் என்று குழந்தை எப்படிப் படுத்திருக்க வேண்டுமோ அப்படியே ஒரு மெத்தையில் படுத்தார். விளக்கை அணைத்துவிட்டு, எல்லோரும் பூனை மாதிரி நடந்து வெளியேறினார்கள்.

இருட்டில் செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஜமாய்ச்சீங்களா?"

"மானம் போச்சுடி! லேபிளைப் பிரிச்சு நேரா ஒட்டுங்கன்னு சொன்னேன். அது ஒரு தப்பா? என்னைத் தூங்க வச்சுட்டுப் போயிட்டாங்க!"

பளிச்சென்று விளக்கு எரிந்தது. வாசலில் நின்ற கூட்டம் திமுதிமுவென்று உள்ளே புகுந்தது. சரக் சரக்கென்று லேபிள்கள் பிரிந்தன. லாரி ஹாரன் அடித்தபோது, கடைசிக் குழந்தையும் நிம்மதியாகப் படுத்துவிட்டது.

முதலாளி சுற்றிப் பார்த்தார். "மொழிபெயர்ப்பாளர் எங்கேய்யா?"

"லீவு சார்."

"அப்போ நீங்களே பேசி வேலை வாங்குனீங்களா?"

மேனேஜர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சபாஷ்! இனிமே நீங்கதான் இங்கே நிரந்தர மேனேஜர்!"

எல்லோரும் கை தட்டினார்கள். சூப்பர்வைசர் அம்மாள் முன்னால் வந்து, ஒவ்வொரு வார்த்தையாக, அழுத்தந்திருத்தமான தமிழில் சொன்னாள்:

"சார், உங்க வீட்டம்மாகிட்ட மூணு மாசமா நாங்க எல்லாரும் தமிழ் படிக்கிறோம். நீங்க போன்ல பேசினது நல்லா புரிஞ்சுது. ஆனா அதுக்கு முன்னாடி பேசினீங்களே, அந்தத் தமிழ் மட்டும்தான் புரியலை."