படிவத்தில் நாலு பேர்

வீட்டைப் புதுப்பித்தால் மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவர் உத்தியோகம். அலுவலகத்தில் அவருக்குச் 'சதவீதம்' என்றே பெயர். ஊரார் வீட்டுக்கெல்லாம் கணித்து அலுத்தவர், மாதிரி வீடு என்று சொந்த வீட்டையே காட்டிவிட்டார். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பஞ்சு. நாற்பது சதவீதம் மிச்சம் என்று எழுதியும் கொடுத்தாயிற்று.

நாளைக்கு மேலதிகாரி நேரில் வருகிறார். சதவீதத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னங்க, முகம் ஏன் தொங்குது?" என்றாள் மனைவி.

"படிவத்துல இந்த வீட்ல நாலு பேர்னு போட்டுட்டேன்."

"நாம ரெண்டு பேர்தானே?"

"நாலு பேர்னா இவ்வளவு செலவாகும்னு எடுத்துப்பாங்க; ரெண்டு பேர் மட்டும் இருந்தா மிச்சம் கூடுதலாக் காட்டும். ஏதோ ஒரு ஆசை. பொய்க் கணக்குனு தெரிஞ்சா வேலை போயிடும்."

"எங்கம்மாவும் தம்பியும் வந்து இருக்கட்டுமான்னு போன மாசம் கேட்டேனே, என்ன சொன்னீங்க?"

"இடம் இல்லைன்னேன்."

"படிவத்துல மட்டும் இடம் இருந்துச்சாக்கும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். இருபது வருஷமாகப் பதில் சொல்லித் தோற்ற களைப்பு. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதன் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதுதான் அவர் கண்ட ஒரே சுகம். அதைக் காப்பாற்றத்தான் மாமியாருக்கு இடமில்லை என்றார்.

"ரெண்டு பேர் வெளிய போயிருக்காங்கன்னு நீ சொல்லிடேன்," என்று கெஞ்சினார்.

"எனக்குப் பொய் வராது. நீங்க வாயைத் திறக்காம இருங்க, நான் பாத்துக்கறேன்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் அதிகாரி மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "மத்த ரெண்டு பேர் எங்க?" என்றார்.

வாசல் மணி அடித்தது. மூன்று பெட்டிகளோடு மாமியார். பின்னால் சுருட்டிய மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மச்சினன்.

"இதோ வந்துட்டாங்க சார்," என்றாள் மனைவி.

அதிகாரி தலைகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டார். "வருஷம் முழுக்க மீட்டரைக் கவனிப்போம். அதுவரைக்கும் ஆள் குறையக் கூடாது."

"குறையாது சார். நான் பொறுப்பு."

"எனக்கு அந்த ரூமே போதும், மாப்பிள்ளை," என்றபடி மாமியார் பெட்டிகளை உள்ளே நகர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்துத் தரையில் மச்சினன் மெத்தையை விரித்தான். பக்கத்து சோபாவில் சதவீதம் காலை மடக்கிப் படுத்துக் கண்ணை மூடினார். ஜன்னல் விஷயத்தில் அவர் கணிப்பு பொய்க்கவில்லை: இரட்டைக் கண்ணாடி தெருச் சத்தத்தை உள்ளே விடவில்லை, மச்சினன் குறட்டையை வெளியேயும் விடவில்லை.