தும்பி சுற்றுப்பயணத்தில் இருக்கிறது

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கும் அடுத்தபடியாகச் சொல்ல வேண்டிய சாதனை, நதிநீர்த் துறை தன் ஆற்றங்கரைப் பூச்சிகளுக்குப் பெயர் சூட்டியதுதான். அதுவரை அந்தப் பூச்சிகள் பதவி இல்லாமல், மரியாதை இல்லாமல், தங்களுக்கு மேலதிகாரி யார் என்றே தெரியாமல் பறந்துகொண்டிருந்தன. ஆறு சுத்தமாக இருந்ததைத் தவிர, பாவம், அவற்றுக்கு வேறு வசதி எதுவும் இல்லை.

இந்தப் புரட்சிக்குக் காரணகர்த்தா துறையின் பூச்சியியல் அலுவலர். ஊருக்கு அவர் 'பூச்சி சார்'. வாரம் ஒருமுறை வலையும் வெள்ளைத் தட்டும் பூதக்கண்ணாடியுமாக ஆற்றில் இறங்கி, கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது என்ன என்று பார்த்து அறிக்கை எழுதுவது அவர் உத்தியோகம். எதற்காகப் பார்க்க வேண்டும் என்பதை 'நீர்நலக் கையேடு' தெளிவாகவே சொல்கிறது. தும்பியும் ஒருநாள் பூச்சியும் இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். அவை மறைந்துபோனால், ஊருக்குக் குடிநீர் ஏற்றும் பம்பை அன்றே நிறுத்த வேண்டும். ஒரு பூச்சிக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பது மேலிடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதைப் பறிக்க ஒரு குழு போட்டிருப்பார்கள்.

பூச்சி சாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு பல வருடங்களாக வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்தவர், ஒரு கூட்டத்தில் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"கையேட்டுல இருக்கற பேரெல்லாம் ஜனங்க வாயிலயே நுழைய மாட்டேங்குதுங்க. நம்ம பெரியவங்க பேர வெச்சா டக்குனு மனசுல நிக்கும்."

துறைத் தலைவர் மெல்லச் சிரித்தார். அவர் சிரித்த பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். பதவி வரிசைப்படி.

அழகான சிவப்புத் தும்பி 'தலைவர் தும்பி' ஆயிற்று. ஒருநாள் பூச்சி கண்காணிப்பாளருக்குப் போயிற்று. அவருக்கு அந்த 'ஒருநாள்' உறுத்தியது. ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறதே. ஆகவே 'கண்காணிப்பாளர் நிரந்தரப் பூச்சி' என்று திருத்தினார்கள். பூச்சி மட்டும் திருந்தவில்லை, பழையபடி ஒரே நாளில் செத்துக்கொண்டிருந்தது. மேல்கரையில் காகித ஆலை வைத்திருப்பவர் பெயர்ப்பலகைகளை 'அன்பளிப்பாக'க் கொடுத்ததால் ஊசித்தட்டான் அவருக்கு. ஆற்றங்கரை முழுவதும் பலகைகள் நின்றன. பூச்சி சாருக்குப் பதவி உயர்வும் வந்தது.

அதற்குப் பின் காகித ஆலையின் கழிவு ராத்திரியோடு ராத்திரியாக இல்லாமல், பட்டப்பகலிலேயே ஆற்றில் இறங்க ஆரம்பித்தது. பலகை கொடுத்தவர் எதற்கு ஒளிய வேண்டும்? கல்லெல்லாம் வழுக்கின. தும்பியைக் காணோம். ஒருநாள் பூச்சியைக் காணோம். ஊசித்தட்டானையும் காணோம்.

பூச்சி சார் கடமை தவறாதவர். நேரே அறிக்கையில் எழுதினார்: 'தலைவர் தும்பி அழிந்துவிட்டது.'

கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னய்யா எழுதியிருக்க? தலைவர் கண்ணுல பட்டா என் கதி என்ன ஆகறது?"

"தும்பியைத்தானே சார் எழுதியிருக்கேன்."

"தெரியும்யா. தலைவர் பேருக்குப் பக்கத்துல 'அழிந்து'ன்னு வரலாமா? மங்களமா எழுது. சுற்றுப்பயணத்தில் இருக்கிறதுன்னு எழுது."

"நிரந்தரப் பூச்சியும் இல்லீங்க."

கண்காணிப்பாளரின் முகம் ஒரு கணம் வெளிறியது. "அது… மருத்துவ விடுப்பு."

"அப்ப கரையில இருக்கற தும்பிப் பலகையையாவது எடுத்துடலாமா?"

"தலைவர் பேர் இருக்கற பலகையில கை வைக்க, எழுத்து மாத்த, தலைவரத் தவிர எவனுக்கும் அதிகாரம் கிடையாது. சுற்றறிக்கை நான்தான் போட்டேன்."

இப்படியாக உலகிலேயே முதன்முறையாக ஓர் ஆறு நிர்வாக ரீதியில் சாக முடியாத நிலையை எட்டியது. எந்தப் பூச்சியும் செத்ததாக எழுத முடியாது. எழுத முடியாததால் பம்பை நிறுத்த முடியாது. பம்பு நிற்காததால் ஊரில் எல்லாக் குழாயிலும் தாராளமாகத் தண்ணீர் வந்தது.

பம்பிலிருந்து வரும் முதல் குழாய் பூச்சி சாரின் அக்கா வீட்டில் இருந்தது. அக்கா தையல் வேலை செய்பவள், ஊசியைப் போலவே பேச்சும். ஒருநாள் மாலை தம்பி வந்து உட்கார்ந்ததும் டம்ளரில் தண்ணீரை வைத்தாள்.

"குடி."

பூச்சி சார் முகர்ந்து பார்த்தார். "இப்பதான் வீட்டுல குடிச்சுட்டு வந்தேன்க்கா."

"சின்னவளுக்கு மூணாவது வாட்டியா வயித்தால போகுது. உங்க ஆபீஸ்ல கேட்டா தண்ணி நல்லா இருக்காம். நீதான் எழுதிக் குடுத்திருக்கியாமே."

"கொதிக்க வெச்சுக் குடுக்கா."

"வெச்சேன். நாத்தமும் சேந்து கொதிக்குது. தும்பி இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"சுற்றுப்பயணத்துல இருக்குக்கா."

அக்கா தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் பூச்சி சார் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். பாயில் சுருண்டு கிடந்த சின்னவள் மட்டும் "மாமா, எப்ப வந்தீங்க" என்றாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பது அலுவலக விதிகளில் இல்லாத ஒன்று. அதனால் அதை யாரிடம் ஒப்படைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே சின்னவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பூச்சி சார் அங்கே நின்றுகொண்டிருந்தபோது தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது.

தலைவர் மனத்தாங்கலில் இருந்தார். "என் பேர்ல இருக்கறது ஒரே ஒரு பூச்சி. அதுவும் என்னை விட அதிகமா டூர் போகுதாம். ஆத்துல இப்ப எதுய்யா நிறைய இருக்கு?"

"செவப்புப் புழுங்க ஐயா. வேற எதுவுமே இல்ல."

"நிறையன்னா?"

"கல்லைப் புரட்டினா கொத்துக் கொத்தா நெளியுதுங்க."

"அப்ப செல்வாக்கு இருக்குன்னு சொல்லு. எங்க இருக்கும்?"

"சேத்துலங்க."

"மண்ணோட மண்ணா. நல்லது. கடைசி வரைக்கும் புழுதானா?"

"றெக்கை முளைச்சுப் பறக்கும் ஐயா. கொசு மாதிரி இருக்கும், ஆனா கடிக்காது."

"சாத்வீகம்," என்றார் தலைவர், கண்கள் கலங்க. "என்ன சாப்பிடும்?"

"ஊர்க் கழிவையெல்லாம் தின்னு வளரும் ஐயா."

"அதாவது மத்தவங்க கஷ்டத்தைத் தான் வாங்கிக்குது. அதுக்கு என் பேரை வெச்சுடுங்க. பலகை பெருசா இருக்கட்டும், திறப்பு விழாவுல நானே வாசிக்கறேன்."

பலகைக்கு வாசகம் எழுதுவது பூச்சி சாரின் பொறுப்பு. வழக்கமாக இரண்டு வரி புகழ்வார். இந்தமுறை கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சிவப்புப் புழுவைப் பற்றி அதில் இருந்ததை ஒரு சொல் விடாமல் எழுதினார். பெயர் வரும் இடத்தில் மட்டும் புதுப் பெயரைப் போட்டார். கண்காணிப்பாளர் தலைப்பைப் படித்தார், பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்தார், தலைவரிடம் கையெழுத்துக்கு அனுப்பினார். தலைவர் கையெழுத்துப் போடும் இடத்தைத் தவிர வேறு எதையும் படித்து நேரத்தை வீணாக்குபவர் அல்ல.

விழா ஆற்றங்கரையில் நடந்தது. மேடையில் இருந்தவர்களுக்குப் பாட்டில் தண்ணீர், கீழே இருந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீர். ஆலை அதிபர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த அக்கா முன்வரிசையில் இருந்தாள்.

தலைவர் திரையை விலக்கினார். மைக்கைப் பிடித்துக் கணீரென்று வாசித்தார்.

"'தலைவர் புழு. நல்ல தண்ணீரில் அரிதாகவே காணப்படும். மற்ற உயிர்கள் எல்லாம் செத்த பிறகு இது செழிக்கும்.'"

கைதட்டல் எழுந்தது. தலைவர் நிறுத்தும் இடமெல்லாம் தட்டுவது துறையின் மரபு. அந்த உற்சாகத்தில் அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

"'இது பெருகியிருக்கும் இடத்தில் தண்ணீர் குடிக்க லாயக்கற்றது. பம்பை உடனே நிறுத்தவும்.'"

கடைசிச் சொல்லுக்கு வரும்போது குரல் தேய்ந்துவிட்டது. இரண்டு பேர் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் மைக்கில் தலைவர் சொன்னால் அது ஆணை. கரையோரக் கொட்டகையில் இருந்த பம்பு ஆபரேட்டர் விசையை இறக்கினார். மாதக்கணக்கில் உறுமிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது.

கண்காணிப்பாளர் பூச்சி சாரின் காதைக் கடித்தார். "பலகையைக் கழட்டுய்யா, மானம் போகுது."

"தலைவர் பேர் இருக்கற பலகைங்க சார். கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லீங்களே."

அக்கா எழுந்தாள். பலகையின் பக்கத்தில் போய் நின்று, மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தாள். பிறகு மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இத்தனை நாளா பேர் தெரியாம ஆத்தத் திட்டிட்டிருந்தோம்," என்றாள்.