குழாய்க்கு இரண்டு நாள் லீவு

உயிரே போனாலும் இரண்டு காரியங்களைச் செய்வதில்லை என்று சபதம் எடுத்திருந்தார் மெக்கானிக். ஒன்று, இங்கிலீஷ் பரீட்சை எழுதுவது. இன்னொன்று, சமையலறைக்குள் கால் வைப்பது.

இரண்டுக்கும் காரணம் உண்டு. பரீட்சையை இரண்டு தடவை எழுதிப் பார்த்தார். இரண்டு தடவையும் பரீட்சைதான் ஜெயித்தது. சமையலறைக் கதை அதைவிட மோசம். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாய் என்னவோ சமைத்தார். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, இதை வண்டிக்குத்தானே ஊத்தணும்?" என்று கேட்டுவிட்டார். மனுஷனுக்கு ரோஷம் இருக்காதா?

அவர் வேலை பார்த்தது ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில். அங்கே ஃபோர்மேன் ஓய்வு பெறப் போகிறார் என்று செய்தி வந்ததும் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"அனுபவம் உங்களுக்குத்தான் ஜாஸ்தி. ஆனா ஃபோர்மேன்னா ரிப்போர்ட் எழுதணும். வீட்டிலேயே படிச்சு எழுதற அந்த இங்கிலீஷ் பரீட்சையை இந்தத் தடவை பாஸ் பண்ணிட்டீங்கன்னா நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா உங்க சகலைக்கு."

சகலை! அந்த ஒரு வார்த்தையில்தான் மெக்கானிக்குக் கொதித்தது. சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். அதே பட்டறையில் ஸ்டோர் கீப்பர். ஒரு நட்டைக் கழற்றச் சொன்னால் அது எந்தப் பக்கம் சுற்றும் என்று நாலு பேரிடம் விசாரிக்கிற ஆள். ஆனால் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டான். அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு 'ஆக்சுவலி' போட்டுக்கொள்வான்.

"எழுத மாட்டேன்!" பட்டறையின் கூரை அதிரக் கத்தினார் மெக்கானிக். "நட்டுக்கு இங்கிலீஷ் தெரியுமா? போல்ட்டுக்குத் தெரியுமா? நான் தமிழ்ல நாலு திட்டு திட்டினாத்தான் இன்ஜினே ஸ்டார்ட் ஆகுது! எழுத மாட்டேன், எழுதவே மாட்டேன்!"

அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே சொன்னார். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து, பதிலையெல்லாம் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தார்.

"எழுதாதீங்க," என்றாள் மனைவி.

"என்னது?"

"எழுதாதீங்கன்னேன். என் புருஷன் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்."

தயார் செய்த பதில் எல்லாம் வீணாய்ப் போயிற்று. அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடே சரியாக இறங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவள் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அட்டையில் 'முக்கிய ஆங்கில வாக்கியங்கள்: ஆசிரியர் இல்லாமல் நீங்களே படிக்கலாம்' என்று போட்டிருந்தது.

"என்னங்க, நான் எழுதப் போறேன்."

"எதை?"

"அதே பரீட்சையைத்தான். நீங்க ஃபோர்மேன் ஆகப் போறதில்லை. நானாவது ஒரு வேலைக்குப் போறேன். அடுத்த தெரு ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்க ஆள் வேணுமாம்."

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "நீயா? இங்கிலீஷா?"

"சிரிங்க, சிரிங்க. ஆனா புருஷன் சம்மதம் இல்லாம எழுத முடியாதாம். இதுல ஒரு கையெழுத்துப் போடணும். உங்க போட்டோவும் ஒண்ணு வேணுமாம்."

பெண்டாட்டி படிக்கப் புருஷனின் அனுமதியைக் கேட்கிற பரீட்சையா! அந்தப் பரீட்சையின் மேல் அவருக்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. காகிதம் முழுக்க இங்கிலீஷ். அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் கௌரவம் என்ன ஆவது? காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். மீசையை முறுக்கிவிட்டு எடுத்த பழைய போட்டோ ஒன்றையும் தாராள மனசோடு எடுத்துக் கொடுத்தார்.

இங்கே மெக்கானிக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். யாராவது ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. கை பரபரக்கும். "தள்ளு!" என்பார். ஆளை ஒதுக்கிவிட்டு அந்த வேலையைத் தானே செய்து முடிப்பார். பட்டறைச் சோம்பேறிகள் எல்லாருக்கும் இது தெரியும். கஷ்டமான வேலை வந்தால் ஸ்பானரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணில் படுகிற மாதிரி நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் டீ குடிக்கப் போய்விடலாம். 'தள்ளு மாஸ்டர்' என்று பேரே வைத்திருந்தார்கள். அதை அவர் பட்டம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

மறுநாள் சாயங்காலம் அவர் செய்தித்தாள் படிக்க உட்கார்ந்ததும் மனைவி பக்கத்திலேயே நின்று உரக்க ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"டியர் சார், தி டேப் இஸ் லீக்கிங். கைண்ட்லி கிராண்ட் இட் டூ டேஸ் லீவ்."

செய்தித்தாள் கீழே இறங்கியது.

"என்ன சொன்னே?"

"குழாய் ஒழுகுதுன்னு லெட்டர். சரியாத்தானே இருக்கு?"

"குழாய் ஒழுகினா குழாய்க்கு எதுக்குடி ரெண்டு நாள் லீவு? ஊருக்குப் போயிட்டு வரப்போகுதா?"

"ஓ, அது காய்ச்சலுக்கா? அப்படின்னா இது. ஐ ஹேவ் ஃபீவர். கைண்ட்லி ரிப்பேர் இட் இம்மீடியட்லி."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "காய்ச்சலை யாராவது ரிப்பேர் பண்ணுவாங்களா? நீ டோக்கன் குடுத்தா அந்த ஆஸ்பத்திரி உருப்பட்ட மாதிரிதான்! கொண்டா அந்தப் புத்தகத்தை."

"வேணாம், உங்களுக்குத்தான் இங்கிலீஷ் பிடிக்காதே."

"பிடிக்காதுதான். அதுக்காக என் வீட்டுல குழாய் லீவு எடுக்கறதைப் பாத்துட்டுச் சும்மா இருக்கணுமா? தள்ளு!"

அன்றைக்கு ஆரம்பித்தது. தினம் சாயங்காலம் அவள் தப்பாக ஒப்பிப்பாள், அவர் திருத்துவார். தப்பு என்றால் சாதாரணத் தப்பா? ரயில் தாமதம் என்று தகவல் சொல்லச் சொன்னால், ரயிலுக்குக் கல்யாண வாழ்த்துச் சொல்வாள். வழி கேட்கிற வாக்கியத்தை வைத்துக் கடன் கேட்பாள். இவருக்கு மண்டை காய்ந்துபோகும். அவள் எழுதிக் காட்டினால் அதைவிடக் கண்றாவி. "இப்படி எழுதணும், பாரு!" என்று இவரே பக்கம் பக்கமாக எழுதிக் காட்டுவார். நாளைக்கு இவளை எந்தக் கேள்வியில் மடக்கலாம் என்று பட்டறையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டே வாக்கியங்களை முணுமுணுப்பார்.

ஒருநாள் அந்த முணுமுணுப்பு சகலை காதில் விழுந்துவிட்டது. குனிந்து பார்த்தான்.

"ஆக்சுவலி, அண்ணே, பரீட்சை எழுத மாட்டேன்னு சொன்ன மாதிரி ஞாபகம்?"

"இப்பவும் சொல்றேன். எழுத மாட்டேன்! உங்க அண்ணிக்குப் பாடம் எடுக்கறேன். வாத்தியார் எங்கயாவது பரீட்சை எழுதுவாரா?"

"அண்ணியா? பாஸ் பண்ணுவாங்களா?"

"ஜென்மத்துக்கும் பண்ண மாட்டா," என்றார் மெக்கானிக் மனப்பூர்வமாக. சகலை நிம்மதியாக விசிலடித்துக்கொண்டு போனான்.

பரீட்சை நாள் வந்தது. மனைவியைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் புத்திமதி. "குழாய்ன்னா ரிப்பேர், காய்ச்சல்னா லீவு. மாத்திக் கீத்தி எழுதி என் மானத்தை வாங்கிடாதே."

வாசலில் நின்ற காவலாளி அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"அம்மா, நீங்க அந்த மரத்துக்கிட்டே நில்லுங்க. சார், நீங்க உள்ளே போங்க."

"யோவ், எழுதறது அவங்க. நான் சும்மா கூட வந்தவன்."

"இந்த மீசை அவங்களோடதா?" என்று சீட்டிலிருந்த போட்டோவைக் காட்டினான் காவலாளி.

மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. கையெழுத்து. போட்டோ. குழாய். காய்ச்சல். கல்யாணமான ரயில்.

"அடிப்பாவி! ஏமாத்திட்டியா?"

"ஆமா, ஏமாத்தினேன்." அவள் குரலில் பயமே இல்லை. "நாளைக்கு என் தங்கச்சி என் வீட்டு நாற்காலியில கால்மேல கால் போட்டு உட்கார்ந்து, 'அக்கா, அத்தானுக்கு லீவு வேணும்னா எங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்கச் சொல்லு'ன்னு சொல்லுவா. அதைக் கேட்டுட்டு நான் உயிரோட இருக்கணுமா? ஸ்பானரைப் பிடிக்கத் தெரியாத ஆள் முன்னாடி நீங்க கையைக் கட்டிட்டு நிக்கறதை என்னால பாக்க முடியாதுங்க."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"நின்னாலும் நிப்பேனே தவிர எழுத மாட்டேன். சபதம்னா சபதம்!"

"எழுதாதீங்க. யாரு எழுதச் சொன்னா? உள்ளே ஃபேன் ஓடுது. கொஞ்ச நேரம் காத்தாட உட்கார்ந்திட்டு வாங்க. இந்தாங்க, பேனா."

"பேனா எதுக்கு?"

"சட்டைப் பையில இருக்கட்டும், பாக்க அழகா இருக்கும்."

எழுதக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். எழுதக் கூடாது என்றே உட்கார்ந்தார். கேள்வித்தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு ஃபேனைப் பார்த்தார். பழுது பார்க்க வேண்டிய ஃபேன்தான், ஆனால் எட்டவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன் பெஞ்சில் ஒரு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மேஜை தெளிவாகத் தெரிந்தது. குழாய் ரிப்பேருக்கு லெட்டர் எழுதச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. கண்ணாடிக்காரர் நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'கைண்ட்லி கிராண்ட்...'

மெக்கானிக்குக் கை பரபரத்தது. ஃபேனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கண் மறுபடி அந்தக் காகிதத்துக்கே போயிற்று. '...டூ டேஸ் லீவ்' என்று முடித்து, கீழே அழகாகக் கோடு வேறு போட்டுவிட்டார் மனுஷன்! "தள்ளு!" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கண்காணிப்பாளர் முறைத்தார். பட்டறையாக இருந்தால் ஆளைத் தள்ளிவிட்டு உட்காரலாம். இங்கே தள்ளினால் வெளியே பிடித்துத் தள்ளுவார்கள். இதை உலகத்துக்குச் சரியாக எழுதிக் காட்ட வேறு என்ன வழி? கேள்வித்தாளை வெடுக்கென்று திருப்பினார். பேனாவைப் பிடுங்கி எடுத்தார். கடைசி மணி அடித்தபோதுதான் நிமிர்ந்தார்.

பாஸ்! ஃபோர்மேன் நாற்காலியில் அவர் உட்கார்ந்த அன்றைக்கு சகலை வந்து, "ஆக்சுவலி..." என்று ஆரம்பித்துவிட்டு, மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றான். வாழ்க்கையில் மெக்கானிக் கேட்ட இங்கிலீஷிலேயே இனிமையான இங்கிலீஷ் அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அறிவித்துவிட்டார். "இதோ பாரு, ஃபோர்மேன் ஆயிட்டேன், சந்தோஷம்தான். உனக்கு நன்றியும் சொல்லிக்கறேன். ஆனா உன் வித்தை எனக்குப் புரிஞ்சுபோச்சு. தப்புத் தப்பாப் பண்ணி என்னை இழுத்துவிடறே! இனிமே பலிக்காது. இன்னும் ஒரு சபதம் பாக்கி இருக்கு. அதை உடைக்க எவளாலும் முடியாது."

"யாருங்க உடைக்கப் போறா?" என்றபடி அவள் சமையலறைக்குள் போனாள்.

ஃபோர்மேன் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியின் முதுகால்.

"ஹா! தெரியும்டி! இதுக்கெல்லாம் மசியற ஆள் நான் இல்லை!"

"எதுக்குங்க? நான் பாட்டுக்கு நறுக்கறேன்."

செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தத்தை எதால் மூடுவது? நசுக், நசுக் என்று கேட்டது. ஒரு வெங்காயம் தரையில் உருண்டு ஓடியது. அதை எடுத்துத் தோலோடு மறுபடி நசுக்கினாள். தோலோடு! செய்தித்தாள் நடுங்க ஆரம்பித்தது. சபதம், சபதம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஃபோர்மேன், ஃபோர்மேன் என்றும் சொல்லிக்கொண்டார். நசுக்.

செய்தித்தாளை வீசி எறிந்துவிட்டு ஒரே பாய்ச்சலில் உள்ளே போனார்.

"தள்ளு!" என்று அவர் கத்துவதற்கு முன்பே அவள் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள், அவருக்குக் கட்டிவிடுவதற்கான ஏப்ரனைக் கையில் பிடித்தபடி.