குதித்த முட்டை

"பந்து எங்கேய்யா?"

"போயிடுச்சி சார்."

"போயிடுச்சுன்னா? எங்கே போச்சு?"

துளசிராமன் பெட்ரோமாக்ஸ் விளக்கை உயரத் தூக்கி இருட்டைப் பார்த்தான். "அந்தாண்ட சார்," என்றான்.

மார்கழி மாதம், மாலை ஏழு மணி. கும்மிடிப்பூண்டிக்கு வெளியே, பம்பு கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஜெனரல் மேனேஜர் பூவராகவன் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். தலையில் குரங்குக் குல்லா, கையில் கம்பளி உறை, உடம்பில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். அந்தக் கனத்தில் கையை முழுசாகத் தூக்க முடியாது. மூக்குக் கண்ணாடியில் பனி படிந்து எதிரில் இருப்பதும் தெரியாது. பந்து எந்தத் திசையில் போகும் என்பது பந்துக்கே வெளிச்சம். துளசிராமனுக்கு அரைக்கைச் சட்டைதான்; காதைச் சுற்றி ஒரு துண்டு. அவன் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

இந்தப் பனியில், இந்த இருட்டில் ஒரு மனிதர் ஏன் கோல்ஃப் ஆடவேண்டும்? எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. சீமையில் இருக்கும் சேர்மன் துரை, 'நீங்கள் கோல்ஃப் ஆடுவீர்களா?' என்று கேட்டு எழுதியிருந்தார். பூவராகவன், 'கல்லூரி நாளிலிருந்தே' என்று பதில் போட்டுவிட்டார். கல்லூரி நாளில் அவர் ஆடியது கேரம். துரை மகிழ்ந்துபோய் மட்டைகளையும் தன் பெயர் அச்சிட்ட ஆறு பந்துகளையும் கப்பலில் அனுப்பி, 'பொங்கலுக்கு முன் வருகிறேன், இதே பந்துகளில் ஆடுவோம்' என்றும் எழுதிவிட்டார். பகலில் பழகினால் தொழிலாளிகள் சிரிப்பார்கள். சிரிப்பு துரை வரைக்கும் போகும். ஆகவே இருட்டு, ஆகவே பரம ரகசியம்.

துளசிராமன் அந்தக் கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா, இன்னும் டெம்பரரி. பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் குணசுந்தரி என்ற பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். வேலை பர்மனென்ட் ஆனால்தான் தாலி என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பர்மனென்ட் ஆர்டர் பூவராகவனின் மேஜை டிராயரில், கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"ஆறு பந்தும் அப்படியே இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஆர்டரை மறந்துடு. விஷயம் வெளியே போனாலும் மறந்துடு," என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கில் இருந்த காப்பியைக் குடிக்கக் காருக்குப் போனார் பூவராகவன்.

பயத்தில் துளசிராமனுக்கு ஒரு யோசனை பிறந்தது. இதே இடத்தில் வைத்து, இதே மட்டையால், இதே மாதிரி இன்னொரு பந்தை அடித்தால், அது போகிற இடத்துக்குத்தானே முதல் பந்தும் போயிருக்கும்?

வைத்தான். அடித்தான். டொக்கென்று ஒரு சத்தம். பிறந்ததிலிருந்து கோல்ஃப் மட்டையைத் தொட்டறியாத அவனுக்கு அடி அவ்வளவு அழகாக விழுந்தது. அதை நினைத்துப் பூரித்ததில் பந்து போன திசையைப் பார்க்க மறந்துவிட்டான்.

இப்போது இரண்டு பந்துகளைக் காணோம்.

விளக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நெல் வயலின் வரப்பில் ஏறினான். அங்கே வேப்பமரத்தடியில், பாம்புப் புற்றுக்குப் பக்கத்தில், கையில் மண்வெட்டியோடு கெங்கம்மாள் நின்றிருந்தாள். அந்த வயலின் சொந்தக்காரி. கம்பெனியின் இரண்டாவது ஷெட்டுக்காக அவள் நிலத்துக்கு நோட்டீஸ் வந்திருந்தது. கிழக்கே அடுத்தாற்போல் இருந்த அவள் தம்பி முனிகிருஷ்ணன் நிலத்துக்கும் வந்திருந்தது. இரண்டு பேரும் மனுக்கொடுத்து ஓய்ந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தாசில்தார் அளக்க வருவதாக இருந்தது.

"இன்னா நைனா, வெளக்க தூக்கினு இன்னா தேடுற?"

துளசிராமனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மண்ணு டெஸ்ட்டு, அக்கா."

"இருட்லயா?"

"பனியிலதான் மண்ணோட கொணம் தெரியுமாம். சீமை முறை."

"அப்பிடியா!" என்றாள் கெங்கம்மாள், மிகவும் மரியாதையாக. "எங்க நெலத்த புடுங்கறதுக்கு இம்மாம் கஷ்டப்படுறீங்களே, பாவம்."

அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. தேடுவதை விட்டுவிட்டுத் திரும்பி, 'ஆறும் இருக்கு சார்' என்று ஜி.எம்மிடம் ஒரு பொய்யும் சொல்லிவைத்தான்.

மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் தேடப் போனவன், வேப்பமரத்தடியில் ஊரே கூடியிருப்பதைக் கண்டு விக்கித்து நின்றான். புற்றின் வாயில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலைமேல் உட்கார்ந்திருந்தது துரையின் பந்து.

தலைக்குக் குளித்த ஈரப் புடவையோடு கெங்கம்மாள் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாகாத்தம்மா முட்ட வச்சிக்கிறாடி! விடிகாத்தால வந்து பாக்குறேன், புத்து வாயில பளபளன்னு கீது!"

"பாம்பு முட்ட இம்மாம் பெருசாவா இருக்கும்?" என்றாள் ஒருத்தி.

"சாதா பாம்புன்னு நெனச்சியா? தொட்டுப்பாரு, ஒடம்பெல்லாம் செதிலு செதிலா கீது."

தொட்டுப் பார்த்தவளுக்குப் பந்தின் மேலிருந்த குழிகள் விரலில் தட்டின. கையை உதறிக்கொண்டு பின்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கூட்டத்தில் நம்பாதவன் ஒருவன்தான், கெங்கம்மாளின் தம்பி முனிகிருஷ்ணன். "யக்கா, கோழி முட்டய வச்சினு கூத்தடிக்கிறியா?" என்று அதட்டினான்.

"கோழி முட்டையா? அப்ப ஒடையுதா பாரு!" கெங்கம்மாள் அதை எடுத்துப் பக்கத்தில் கிடந்த கருங்கல்லின் மேல் ஓங்கிப் போட்டாள்.

முட்டை உடையவில்லை. ஓர் ஆள் உயரம் எழும்பிக் குதித்தது. அவள் முந்தானையை ஏந்தி அதைப் பிடித்துக்கொண்டாள். முனிகிருஷ்ணன் "தாயே! தப்பு பண்ணிட்டேன்!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் விழுந்ததும் மொத்த ஊரும் விழுந்தது.

நின்றுகொண்டிருந்தது துளசிராமன் மட்டும்தான். 'அது பந்து' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே குணசுந்தரியின் முகமும் வந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு அவனும் விழுந்தான்.

மத்தியானத்துக்குள் சேதி பொன்னேரி, ஆரணி என்று பரவி, பஸ்ஸுக்குப் பஸ் ஜனம் வந்து இறங்கியது. புற்றுக்குப் பால் ஊற்றினார்கள். நாட்டுக்கோழி முட்டை படைத்தார்கள். நல்லவேளையாக அன்றைக்கு ஜி.எம்முக்குச் சளி பிடித்து ஆட்டம் இல்லை.

இருட்டியதும் பனிக்குப் பயந்து கூட்டம் கலைந்தது. துளசிராமன் விளக்கில்லாமல் போனான். புற்றுக்குள் கைவிட வேண்டும். உள்ளே நிஜமாகவே யாராவது குடியிருந்தால், கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் வேறு பத்திரிகை அடிக்க வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான். குளிரில் விரல்கள் மரத்திருந்தன. வழவழவென்று, சில்லென்று, உருண்டையாக ஒன்று அகப்பட்டது. பக்கத்திலேயே இன்னொன்று! இரண்டையும் வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, இருட்டிலேயே பந்துப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

வியாழக்கிழமை மாலை பூவராகவன் உற்சாகமாக வந்தார். "இன்னிக்குப் பாருய்யா, எப்படி அடிக்கிறேன்னு!" பெட்டியிலிருந்து கம்பளி உறை போட்ட கையால் ஒன்றை எடுத்தார். ஈர மண்ணைக் குவித்து அதன்மேல் வைத்தார். காலை அகட்டினார். ஓங்கினார். அடித்தார்.

டொக்கென்று கேட்கவேண்டிய இடத்தில் சளக்கென்று கேட்டது.

"ஐயோ! கண்ணு! என் கண்ணு போச்சு!"

துளசிராமன் விளக்கைத் தூக்கினான். ஜி.எம்மின் கண்ணாடி, மூக்கு, குல்லா எல்லாவற்றிலும் கொழகொழவென்று மஞ்சளாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. கண்தான் உடைந்து ஒழுகுகிறது என்று அவனும் அலறிவிட்டான். இருவரும் சேர்ந்து கொஞ்ச நேரம் அலறினார்கள். பிறகு பூவராகவன் தொட்டார், முகர்ந்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"துளசிராமா," என்றார் ஈனக்குரலில், "பந்துக்குள்ளே மஞ்சக்கரு எப்படிய்யா வந்தது?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். பூவராகவன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குத் தாசில்தாரோட நானே வர்றேன். புத்துல இருக்கிறதைக் கையில வாங்கிப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு, பாக்கெட்டுல வச்சிருக்கிற கோழி முட்டையை மாத்தி வச்சுடறேன். யாருக்குத் தெரியப்போறது?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அளக்கும் சங்கிலியோடும் வரைபடத்தோடும் தாசில்தார் வந்தார். ஆயிரம் பேர் நின்றிருந்தார்கள். பூவராகவன் ஷூவைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு கையை நீட்டினார். கெங்கம்மாள் அதைவிடப் பயபக்தியோடு பந்தை அவர் கையில் வைத்தாள். அவர் மறு கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டார்.

"பெரிய ஆபீசரே! உங்க கையாலயே கல்லுமேல போட்டு தாசில்தார் ஐயாவுக்குக் காட்டுங்க சாமி!" என்று கெங்கம்மாள் கூவினாள்.

ஆயிரம் பேரும் "போடுங்க! போடுங்க!" என்றார்கள். அந்தக் கூச்சலில் பூவராகவன் கையிலிருந்து பந்து நழுவிக் கல்லில் விழுந்தது. விழுந்த வேகத்தில் எழும்பி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தாசில்தாரின் நடு நெற்றியில் நச்சென்று மோதி, திரும்பிப் போய்ப் புற்றின் வாய்க்குள்ளேயே விழுந்து மறைந்தது.

அந்த அதிர்ச்சியில் பாக்கெட்டுக்குள் இருந்த கையைப் பூவராகவன் இறுக்கிவிட்டார். அவர் வெள்ளைப் பேன்ட்டில் மஞ்சள் நிறம் மெதுவாக இறங்கிக் கால் வரைக்கும் வந்தது.

"ஐயோ! ஆபீசருக்கு அம்மா மஞ்சத்தண்ணி ஊத்திட்டாடி!" என்று ஒருத்தி வீறிட்டாள். குலவைச் சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

தாசில்தார் புடைத்த நெற்றியைத் தடவிக்கொண்டே வரைபடத்தை விரித்தார். கெங்கம்மாளின் நிலத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். 'கோயில் நிலம், விலக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். கிழக்கு நிலத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஜீப்பில் ஏறும்போது சொன்னார்.

அன்று ஆபீசில் பூவராகவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் துளசிராமனுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். டிராயரைத் திறந்து பர்மனென்ட் ஆர்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் குப்பைக் கூடையை வைத்தார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ளே ரெண்டு பந்தும் வரணும்," என்றார்.

சனிக்கிழமை மாலை, பனி இறங்கத் தொடங்கிய நேரம். துளசிராமன் கெங்கம்மாளின் வீட்டு வாசலில் நின்றான். ஊரே தெய்வமென்று கும்பிடுகிற ஒன்றைப் போய்ப் பந்து என்று சொன்னால் கெங்கம்மாள் மனசு என்ன ஆகும், ஊர் தன்னை என்ன செய்யும் என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை முட்டியது. ஆனால் வேறு வழியில்லை. வெளியே வந்தவளின் காலில் அப்படியே விழுந்துவிட்டான்.

"அக்கா, என்ன மன்னிச்சிடுங்க. அது முட்ட இல்லக்கா. பந்து! எங்க ஜி.எம். இருட்ல தடியால அடிச்சி வெளாடற பந்து. நானும் ஒண்ணு அடிச்சேன். அது ரெண்டும் இல்லாங்காட்டி எனக்கு வேலயும் கெடையாது, கல்யாணமும் கெடையாதுக்கா!"

கெங்கம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். கண்கள் விரிந்திருந்தன. "பந்தா?" என்றாள்.

"சத்தியமா பந்துக்கா."

"வெளாடற பந்தா?"

"ஆமாக்கா."

அவள் உள்ளே போனாள். கத்திக் கூட்டம் கூட்டப் போகிறாளோ, அரிவாளை எடுக்கப் போகிறாளோ என்று துளசிராமன் இரண்டடி பின்வாங்கினான். ஓடிவிடலாமா என்று தெருவைப் பார்த்தான். அதற்குள் அவள் ஒரு துணி முடிச்சோடு வந்து அதை அவன் கையில் வைத்தாள்.

முடிச்சை அவிழ்த்தான். மஞ்சளும் குங்குமமும் போகக் கழுவித் துடைத்த இரண்டு பந்துகள். துரையின் பெயர்கூட அழியவில்லை.

கெங்கம்மாள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கி உங்க ஆபீசர கொஞ்சம் கெழக்கால பாத்து அடிக்கச் சொல்லு நைனா. திங்கக்கெழம தாசில்தார் வர்றாரு, என் தம்பி நெலத்துல புத்து ரெடியா கீது, முட்டதான் இன்னும் வரல."