இரண்டாம் நம்பர் பாட்டில்

"ரெண்டாம் நம்பரை நிறுத்தணும்," என்றாள் மனைவி, தட்டில் பரிமாறிக்கொண்டே.

வாயில் வைத்ததை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பொறுப்பு சார் நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் தொழிற்சாலைப் பேச்சு கூடாது என்பது கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சட்டம். அவர் குழாய்த் தொழிற்சாலையில் உற்பத்தியைப் பார்க்கிறவர். அவள் அதே தொழிற்சாலையில் லேப்பைப் பார்க்கிறவள். மெஷின் ஓட வேண்டும் என்பது அவர் கவலை, மெஷின் கெடக் கூடாது என்பது அவள் கவலை. இரண்டும் ஒன்றுதான் என்று வெளியாட்கள் நினைக்கலாம். அந்தச் சட்டம் மட்டும் இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கக்கூட ஆள் இருந்திருக்காது.

"சாப்பிடும்போது எதுக்கு இந்தப் பேச்சு?"

"நாளைக்கு ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு எல்லார் முன்னாடியும் குதிப்பீங்க. அதான் இப்பவே சொல்லிட்டேன். மூணு மாசமா அதோட எண்ணெயில இரும்பு ஏறிக்கிட்டே வருது. இந்த மாசம் ஒரேயடியா எகிறிடுச்சு. உள்ள பேரிங் உரியுது."

ஒவ்வொரு குழாய் மெஷினுக்கும் ஒரு கியர்பாக்ஸ் உண்டு. அதற்குள் பற்சக்கரமும் பேரிங்கும் எண்ணெயில் குளித்தபடி சுற்றிக்கொண்டிருக்கும். எது தேய்ந்தாலும் அந்தத் தூள் எண்ணெயில்தான் வந்து சேரும். மாதம் ஒரு தடவை ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெயைப் பிடித்துவரச் சொல்லி, அதில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பாள். மூடியைத் திறக்காமலேயே உள்ளே யாருக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவாள்.

"சனிக்கிழமை வரைக்கும் ஓட்டிக்கிறேனே," என்றார் அவர், கெஞ்சலாக.

"சனிக்கிழமை எப்பன்னு பேரிங்குக்குத் தெரியாதுங்க."

சனிக்கிழமையில் ஒரு விஷயம் இருந்தது. அவர் அறைக் கதவில் 'உற்பத்தி மேலாளர் (பொறுப்பு)' என்று ஒரு பலகை தொங்குகிறது. பழைய மேலாளர் திடீரென்று விலகியபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று மாட்டியது. வேறு ஆளும் கிடைக்கவில்லை, அடைப்புக்குறியும் போகவில்லை. தொழிலாளிகள் அவரைப் பொறுப்பு சார் என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். போன வாரம்தான் முதலாளி தோளில் தட்டி, "இந்தப் பெரிய ஆர்டர் சனிக்கிழமைக்குள்ள லாரி ஏறட்டும். அந்த அடைப்புக்குறியை நானே சுரண்டி எடுக்கறேன்," என்று சொல்லியிருந்தார்.

"பாட்டில்ல ஏதாவது தூசி விழுந்திருக்கும்மா."

"சொட்டு அண்ணன் பிடிச்ச பாட்டில்லயா?"

 சொட்டு அண்ணன்தான் தொழிற்சாலையின் எண்ணெய்க்காரர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தரையில் ஒரு சொட்டு சிந்தியதில்லை என்பது அவர் பெருமை. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் தன் பெயருக்கு முன்னால் அதைத்தான் சொல்வார். அதனாலேயே பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது.

"இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்துடேன். என் திருப்திக்கு."

"சரி, பார்க்கறேன்."

"நானே பிடிச்சுட்டு வந்து வைக்கிறேன். அவரை எதுக்கு ரெண்டு தடவை அலைய விடணும்?"

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் சாப்பிட்டுவிட்டார்.

காலையில் 'ரெண்டு' என்று லேபிள் ஒட்டிய காலி பாட்டிலோடு பொறுப்பு சார் இரண்டாம் நம்பரைத் தாண்டி நடந்தார். மூன்றாம் நம்பர் முன்னால் போய் நின்றார். தொழிற்சாலையிலேயே புது மெஷின் அதுதான். அதன் கியர்பாக்ஸ் மேடையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் சட்டென்று எழுந்தார். வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அவர் சாப்பிடுவது, செய்தித்தாள் படிப்பது எல்லாமே அங்கேதான்.

"என்ன சார், நீங்களே எண்ணெய் பிடிக்கறீங்க?"

"ஏன், நான் பிடிச்சா வராதா?"

வந்தது. தேன் நிறத்தில், பார்க்கவே ஆரோக்கியமாக வந்தது.

லேப்பில் மனைவி உள்ளறையில் குனிந்து ஏதோ எடை போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் பக்கத் தட்டில் மற்ற பாட்டில்களோடு இதையும் வைத்தார். யாரோ வரும் செருப்புச் சத்தம் கேட்டது. மூடியை அவசரமாக ஒரு திருகு திருகிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே நடந்தார். ரிப்போர்ட் நன்றாக வரும். இரண்டாம் நம்பர் சனிக்கிழமை வரை ஓடும். ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே நிறுத்தி, தன் கையாலேயே திறந்து பார்ப்பார். அவள் சொன்னதும் நடந்த மாதிரி, இவர் நினைத்ததும் நடந்த மாதிரி. தப்பு செய்கிறவனுக்குத்தான் எவ்வளவு அழகாகத் திட்டம் போட வருகிறது!

சாயங்காலம் போன் வந்தது.

"என்னங்க, நான் சொன்னது சரிதான். போன தடவையை விட மோசம். முதலாளிகிட்ட சொல்லிட்டேன், ரெண்டாம் நம்பரை நிறுத்தச் சொல்லிட்டார்."

"எது மோசம்?"

"நீங்க கொண்டுவந்து வெச்ச பாட்டில்தான். வடிகட்டித் தாள்ல பார்த்தா செதில் செதிலா மின்னுது. கோவிச்சுக்காதீங்க." குரலில் நிஜமாகவே பரிவு இருந்தது. "ஆமா, லேப் வாசல் தரையை யாரோ சோப்புப் போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்காங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. அதுவும் நீங்கதானா?"

அவர் காதில் அதெல்லாம் விழவில்லை. அடைப்புக்குறிகூட அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. தான் பிடித்தது மூன்றாம் நம்பர் எண்ணெய். அப்படியென்றால் செத்துக்கொண்டிருப்பது மூன்றாம் நம்பர். அந்த ஆர்டருக்கான குழாய் வருவது இந்த இரண்டு மெஷினிலும்தான்; இரண்டாம் நம்பரை நிறுத்தியதால் ஆர்டர் முழுக்க இனி மூன்றின் தலையில்தான். 

கீழே ஓடினார். ஆபரேட்டர் அதே மேடையில் சாய்ந்துகொண்டு டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அங்க உட்காராதீங்க!"

"ஏன் சார்?"

"சூடு. உடம்புக்கு ஆகாது."

"இதமாத்தான் சார் இருக்கு. முதுகுவலிக்கு நல்லது."

"எழுந்திருங்கன்னா எழுந்திருங்களேன்!"

அன்று ராத்திரி வீட்டுச் சட்டத்தை அவரே மீறினார். "மூணாம் நம்பரையும் ஒரு தடவை பார்த்துடேன்."

மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நல்லா ஓடற மெஷினைச் சோதிச்சுப் பாருன்னு சொல்ற உற்பத்தி மேலாளரை இப்பதாங்க பார்க்கறேன்." அவள் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்க்க முடியாமல் அவர் கை கழுவப் போனார்.

இந்த முறை பாட்டிலைச் சொட்டு அண்ணனிடம் கொடுத்தார். சொட்டு அண்ணன் அவர் முகத்தைப் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டார். இவரும் சொட்டு அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது. "தங்கம் மாதிரி இருக்கு," என்றாள்.

"இருக்காதே!"

"என்னங்க இருக்காது?"

"இன்னொரு தடவை பாரு."

பார்த்தாள். மறுபடியும் தங்கம்தான்.  ஒரே கியர்பாக்ஸ், ஒரே எண்ணெய். முந்தாநாள் செதில், இன்றைக்குத் தங்கம். எது உண்மை என்று அவருக்குத் தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது. பதற்றத்தில் வாய் தவறிவிட்டது. "உன் கருவியில ஏதோ கோளாறு."

அவள் ரிப்போர்ட்டை மடித்து வைத்தாள்.

"ரெண்டு மோசம்னேன், நம்பலை. மூணு நல்லா இருக்குன்னு சொல்றேன், அதையும் நம்பலை. கருவியை எதுக்குச் சொல்றீங்க? என்னை நம்பலைன்னு நேராவே சொல்லிடுங்களேன்."

அதன் பிறகு வீட்டுச் சட்டம் ரொம்பக் கறாராக அமலுக்கு வந்தது. தொழிற்சாலைப் பேச்சு மட்டுமல்ல, எந்தப் பேச்சும் இல்லை. தட்டு வைக்கும் சத்தம், எடுக்கும் சத்தம். அவ்வளவுதான்.

எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி எண்ணெயில் இத்தனையையும் படித்துவிடுகிறவள். தன் உள்ளே இப்போது தேய்ந்துகொண்டிருப்பதை மட்டும் இவளால் படிக்க முடியாதா என்று நினைத்தார். படித்துவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் அவள் திரும்ப ஒரு தடவை சோதித்துப் பார்த்ததில்லை. அது ஞாபகம் வந்ததும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பயம் மட்டும் குறையவில்லை. யாரிடமும் சொல்லாமல் மூன்றாம் நம்பரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். உடைந்தாலும் மெதுவாக உடையட்டும் என்று ஒரு கணக்கு. தன்னைத்தான் தண்டிக்கிறார்கள் என்று நினைத்து ஆபரேட்டர் முகம் வாடிப்போனார். குழாய் பாதிதான் வந்தது. லாரிகள் வாசலில் வெறுமனே நின்றன. வெள்ளிக்கிழமை முதலாளியே இறங்கி வந்துவிட்டார்.

"மூணாம் நம்பர் தங்கம்னு லேப் சொல்லுது. நீங்க அதைத் தள்ளுவண்டி மாதிரி ஓட்டறீங்க! லேப் மேடத்தைக் கூப்பிடுங்க, இங்கயே பேசிடலாம்."

அவள் வந்தாள், கணவரைப் பார்க்காமல் தள்ளி நின்றாள். சத்தம் கேட்டு சொட்டு அண்ணனும் எண்ணெய்க் குவளையோடு வந்து நின்றார்.

"இனி முழு வேகத்துல ஓட்டுங்க," என்றார் முதலாளி. ஆபரேட்டருக்கு உயிர் வந்தது. வேகத்தைக் கூட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் அந்த மேடையிலேயே போய்ச் சாய்ந்தார்.

பொறுப்பு சார் அந்த முதுகைப் பார்த்தார். அதற்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருப்பதை நினைத்தார். அதற்கு மேல் தாங்கவில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினார். "அந்தப் பாட்டில்ல இருந்தது ரெண்டாம் நம்பர் எண்ணெய் இல்லை. நான் மூணுல பிடிச்சு, ரெண்டுன்னு வெச்சேன். ரிப்போர்ட் நல்லா வரணும்னு ஏமாத்தினேன். மோசமா இருக்கறது இதுதான். அவ மேல எந்தத் தப்பும் இல்லை."

மெஷின் நின்றது.  மனைவி இப்போது அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திறங்கப்பா," என்றார் முதலாளி.

திறந்தார்கள். விளக்கைப் பிடித்துப் பல் பல்லாகப் பார்த்தார்கள். வாங்கி வந்த அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. பேரிங்கில் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் ஏற்கெனவே திறந்து கிடந்த இரண்டாம் நம்பரிலோ, மழையில் நனைந்த சுவர் மாதிரி பேரிங் உரிந்து கிடந்தது.

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டார். "அடைப்புக்குறி அப்படியே இருக்கட்டும். அதை விடுங்க. எனக்கு வேற ஒரு சந்தேகம். மூணாம் நம்பர் எண்ணெயை ரெண்டுன்னு எழுதிக் கொடுத்தா மோசம்னு வருது. அதே எண்ணெயை மூணுன்னு எழுதிக் கொடுத்தா தங்கம்னு வருது. அப்ப நம்ம லேப் எண்ணெயைப் பார்த்துச் சொல்லுதா, லேபிளைப் பார்த்துச் சொல்லுதா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் பார்த்தேன் சார். தாள்ல செதில் இருந்தது. என் கண்ணால பார்த்தேன்."

"இந்த மெஷின் எண்ணெயில எப்படிம்மா செதில் வரும்? வெளியில ஒரு நல்ல லேப்பா பார்த்து அனுப்பிடலாம். நம்ம லேப்பை மூடிடுவோம்."

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவை வேறு யாருடைய கைகளோ என்பது போல. பொறுப்பு சார் பொய் சொன்னபோது பலகைக்குத்தான் ஆபத்து வந்தது. உண்மையைச் சொன்னதும் அவளுடைய வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது. "சார், அவ தப்பே பண்ண மாட்டா," என்றார். அவர் வார்த்தைக்கு அந்த இடத்தில் இனி என்ன மதிப்பு? யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது சொட்டு அண்ணன் எண்ணெய்க் குவளையைத் தரையில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டே முன்னால் வந்தார். செத்த வீட்டுச் செய்தியைச் சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"சார் வெச்சுட்டுப் போன பாட்டில் மூடி சரியா மூடலை முதலாளி. நான் தூக்கினேன், மொத்தமும் தரையில கொட்டிடுச்சு... வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு துடைச்சுட்டு, லேபிளைப் பார்த்து, ரெண்டாம் நம்பர்ல நானே புதுசா பிடிச்சு வெச்சுட்டேன்."