என் தலையை நேர்ந்துவிட்டாள், மச்சான்

தூத்துக்குடி,
ஜூன் 9.

மும்பையில் பலசரக்குக் கடை வைத்து நல்லபடியாக இருக்கும் பெரிய மச்சான் பால்துரை அவர்களுக்கு, உங்கள் தங்கை பேச்சிச்செல்வியின் வீட்டுக்காரன் பாண்டியராஜன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் வீட்டு அக்காவுக்கு மூட்டுவலி தேவலையா? போன் இருக்கும்போது கூரியரில் கடிதம் எதற்கு என்று திகைக்காதீர்கள். என் போனை உங்கள் தங்கை எடுத்துப் பார்ப்பாள்.

ஜெர்மனியில் ஆகஸ்டில் நடக்கும் ஒரு ஹெவி மெட்டல் சங்கீத விழாவுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருஷம் கிதார் வாசித்ததற்கு இப்போதுதான் ஒரு பெரிய மேடை. பகலில் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ், சாயங்காலம் கிதார் என்று ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. இந்த ஊர் உப்புக்காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடிக்கும், துடைத்துத் துடைத்து வாசித்தேன். ஒரு கல்யாண ரிசப்ஷனில் நான் சோலோ ஆரம்பித்ததும் ஜெனரேட்டர் வெடித்துவிட்டது என்று சமையல்காரர்கள் வெளியே ஓடினார்கள், அதையும் பொறுத்தேன். ஆனால் விசாவை மட்டும் இரண்டு தடவை இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாம் தடவை விண்ணப்பித்தபோது உங்கள் தங்கை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், விசா கிடைத்தால் என் வீட்டுக்காரர் மொட்டை போடுவார் என்று திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துவிட்டாள். மறு வாரமே விசா வந்துவிட்டது.

மச்சான், இந்த முடி என் இருபத்திரண்டு வயதிலிருந்து வளர்வது, இடுப்பைத் தொடுகிறது. எங்கள் சங்கீதத்தில் கை பாதி, முடி பாதி. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது குனிந்து தலையைச் சுழற்ற வேண்டும், முடி பறக்க வேண்டும். மொட்டைத் தலையைச் சுழற்றினால் காதுக்குள் தண்ணீர் போய்விட்டது போல என்றுதான் நினைப்பார்கள். விக் வைத்தால் முதல் பாட்டிலேயே பறந்துபோய் எந்த வெள்ளைக்காரன் முகத்தில் விழுமோ. அதற்கு முன்னால், பாஸ்போர்ட்டில் முடியோடு இருக்கிறவன் நீ இல்லை என்று விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டால்? மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

“திரும்பி வந்து குடுக்கேனே பேச்சி” என்று கெஞ்சிப் பார்த்தேன். “கடல் தாண்டிப் போறதுக்கு முன்னாலன்னுதான் நேந்துருக்கேன். காரியம் ஆனதும் முருகன்ட்ட தவணை கேப்பீயளோ?” என்றாள். அப்படியானால் மூணே மூணு இணுக்கு கத்தரித்துப் பூமுடி கொடுக்கிறேன் என்றேன். “அது பொம்பளையளுக்கு. ஆம்பளைக்கு மொட்டைதான். ஊரு சிரிக்கதுக்கா?” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். எங்கள் டிரம்மர் தேவபிரசாதம் சமாதானம் பேச வந்தான். “மதினி, வேணும்னா நான் எங்க மாதாகிட்ட சொல்லிப் பாக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு, காப்பிகூடக் கிடைக்காமல் திரும்பிப் போனான்.

வரும் வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். என் சங்கீதத்தை அவள் ஒரு நாளும் மதித்ததில்லை மச்சான். இருபத்தேழு வருஷத்தில் ஒரு கச்சேரிக்கு வந்தவள் இல்லை. ஆம்ப்ளிஃபயர் மேல் மோர்மிளகாய் காயப்போடுகிறவளுக்கு என் முடியின் அருமை எங்கே தெரியும்? நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாமல், உங்களுக்கே தோன்றிய மாதிரி போனில் சொல்லுங்கள். மொட்டை போட்டால் நான் மேடை ஏற மாட்டேன், இது சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். முருகன் உங்கள் கடையையும் எல்லோர் தலையையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை முடியோடு இருக்கும்
பாண்டியராஜன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை எல்லாம் மறந்துவிடுங்கள், அவளிடம் ஒன்றும் பேச வேண்டாம். இன்று நான் ஆபீஸுக்குப் போனதும் அவள் தனியாகத் திருச்செந்தூர் பஸ் ஏறியிருக்கிறாள். சாயங்காலம் வந்து கதவைத் தட்டினால், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து திறக்கிறாள். “முருகன்ட்ட பேசி மாத்திக்கிட்டேன். மொட்டை என்னுது, பூமுடி உங்களுது. அங்கன போய் நல்லா ஆட்டுங்க, இத்தன வருசம் வாசிச்ச மனுசன ஒருத்தனும் சிரிச்சிரக் கூடாது” என்றாள். நான் அழுதுவிட்டேன். பிறகு எப்படியோ, ஏன் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை என்று கேட்டேன். “என்னைக்காவது கூப்பிட்டிருக்கீயளா?” என்றாள்.

பேரன் பிறந்தபோது துபாய் போக எடுத்த பாஸ்போர்ட் அவளிடம் இருக்கிறது. நாளைக்கே அவளுக்கும் விசா விண்ணப்பிக்கிறோம். அது கிடைத்தால் நானும் மொட்டை போடுகிறேன் என்று சற்று முன்னால், அழுத வேகத்தில், முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டேன். திரும்பி வந்த பிறகு என்று சொல்ல மறந்துபோய்விட்டது. இப்போது விசா கிடைத்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது, கிடைக்காமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மச்சான். மறுபடியும் போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.