நான் போர்த்திய பொன்னாடை

நான் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தேன். அதுவும் அறுபத்தாறு வயதில், முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தி முடித்த பிறகு.

போடியில் எங்கள் வாசகர் மன்றம் ஒரு கண்காட்சி வைத்தது. நான் செயலாளர். குரங்கணியிலிருந்து வந்து ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் முத்துமாரி, சுவர்களில் கிழித்த போஸ்டர்களை வெட்டி ஒட்டிப் படம் செய்வாள். அவள் தந்த படத்தில் ஒரு தேர். வடம் பிடித்தவை காக்கிக் கைகளும் வெள்ளை வேட்டிகளும். தேருக்குள் சாமிக்குப் பதில் ஒரு நாற்காலி. காலண்டரிலிருந்து வெட்டிய சாமி கீழே கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தது.

"இதத்தான் நடுவுல மாட்டணும்" என்று நானே ஆணி அடித்தேன்.

திறந்துவைக்க வரும் பிரமுகர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டார் என்று போன் வந்ததும் எனக்கு வியர்த்தது. (ஆணி மட்டும் உறுதியாக இருந்தது.) அவருக்கென்று வாங்கிய பொன்னாடையைப் படத்தின்மேல் போர்த்தினேன்.

"ஏன் சார் மூடுறீங்க?" என்றாள் முத்துமாரி.

"கொஞ்ச நேரந்தாம்மா. அவர் போனதும் எடுத்துருவோம்."

மூடிய படத்தைக் கண்டால் பிரமுகர்களின் கை சும்மா இருக்காது என்பது எனக்குத் தோன்றவில்லை. எத்தனை படத்திறப்பு பார்த்த கை! வந்தவர், யாரோ பெரியவர் காலமாகிவிட்டார் என்று நினைத்து முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டு பொன்னாடையை இழுத்தார். கூட்டம் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தியது. அப்புறம்தான் படத்தைப் பார்த்தது.

"யாருய்யா இதச் செஞ்சது?" என்றார் பிரமுகர்.

"எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பொண்ணு தானா கொண்டாந்து மாட்டிருச்சு." என் விரல் அவளைக் காட்டியது.

அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். கூட வந்த ஆட்கள் படத்தைக் கிழித்தார்கள். அவளை மாலைவரை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கடைக்காரர் வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன்: தேர்ந்தெடுத்தது, மாட்டியது, பொய் சொன்னது எல்லாம் நான். "வயசான காலத்துல எதுக்கு சார் வம்பு?" என்று காகிதத்தைத் திருப்பித் தந்தார்கள். கடைக்காரரிடம் கெஞ்சினேன், அவர் அசையவில்லை. பிறகு ஜீப் ஏறிக் குரங்கணிக்குப் போனேன்.

"ஸ்டேஷன்ல எல்லாம் நான்தான்னு எழுதிக் குடுத்தேன், காகிதத்தத் திருப்பித் தந்துட்டாங்க. மன்னிச்சிரும்மா."

"வேற சோலி தேடிக்கிட்டேன் சார். மன்னிச்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பொன்னாடை இருக்கா? கொண்டாங்க. அந்தக் காகிதத்தையும்."

அவள் செய்த புதிய படத்திலும் அதே தேர். பக்கத்தில் பொன்னாடையால் முகம் மூடிய ஒருவன் விரல் நீட்டி நிற்கிறான். விரல் என் வாக்குமூலக் காகிதத்தில் வெட்டியது. என் வீட்டு முன்னறையில் மாட்டச் சொன்னாள். யார் வந்தாலும் மூடக் கூடாது என்றாள். இதுவரை மூடவில்லை.

இப்போதும் வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால், "அவர் கைய நீட்டுறதுக்குள்ள ஒத்துக்கிறேன், நான்தான்" என்பாள் என் மனைவி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு.